அத்தை பெயர் வரும் நேரம்

ஞாயிறு ஆராதனை முடிந்தது, இனி பேக்கரிக்குப் போகலாம் என்று பிள்ளைகள் நாங்கள் கால் மாற்றி நிற்கத் தொடங்கும் நேரத்தில்தான் எங்கள் ஆயர் அந்தத் தாளைக் கையில் எடுப்பார். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியல். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக இன்னார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக இன்னார், புது ஸ்கூட்டர் வாங்கியதற்காக இன்னார் என்று ஒவ்வொருவரையும் முழுப்பெயரோடும் தெருவோடும் வாசிப்பார். பெங்களூர் காக்ஸ் டவுனில் இத்தனை பேர் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது அந்த வயதில் எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அப்பா அந்தப் பட்டியலை ஒரு பெயர் விடாமல் கேட்பார். பிரசங்கத்தின்போது கண்ணசந்தாலும் பட்டியலுக்கு விழித்துக்கொள்வார். நடுவில் எழுந்து போகிறவர்களைத் திரும்பித் திரும்பி முறைப்பார். எங்கள் குடும்பத்தின் பெயர் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். ஆனாலும் மற்ற ஐம்பது ஞாயிறும் அதே பக்தியோடு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், “நம்ம பேரு வர்றப்ப அவங்க குந்தினு கேக்கல? அவங்க பேருக்கு நம்ம குந்தணும்” என்பார். அவர் ஓர் அரசுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக லேத் மெஷின் முன்னால் நின்றவர். உட்கார்ந்து செய்கிற எந்தக் காரியத்தையும் அவர் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். இருவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவர்களுடைய பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்பினார். பட்டம் வாங்கி இருபத்துமூன்று வயதான பின்பும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. நான் பிறந்த பிறகு எனக்கு வரவேண்டிய அந்தப் பெயரை அவள் விட்டுத்தரவில்லை என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் அத்தைக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் கம்பெனி என்பார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். அத்தையும் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவள் போன அலுவலகத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தயாரித்த வீடியோ கேம்களைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே என்ன தப்பு இருக்கிறது என்று எழுதித் தரவேண்டும். ஆலய வாசலில் ஓர் ஆன்ட்டி கேட்டதற்கு, “கேம் விளையாடறேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்குள் இது அப்பாவின் காதுக்கு நாலு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தது.

“இன்னா வேலைன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது பாப்பா? என் தங்கச்சி காலைல பஸ் புடிச்சுப் போய் விளையாடிட்டு வருதுன்னா?” என்றார் அப்பா.

“தப்பு கண்டுபிடிக்கற வேலைண்ணா. உங்க ஃபேக்டரில செஞ்ச சாமானை அளந்து பாக்க இன்ஸ்பெக்டர் வருவாரே, அதேதான்.”

“அவரு ஸ்கேல் வெச்சு அளக்கறாரு. நீ வாத்த ஓட்டறே.”

வாத்துதான். அத்தை வேலை பார்த்த அந்த கேமில் ஒரு தபால்கார வாத்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு தீவுகளுக்குக் கடிதம் கொண்டுபோகும். ஒவ்வொரு தீவிலும் புயல், நரி, உடையும் பாலம் என்று ஏதாவது இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அத்தை அந்த வாத்தை ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். பாதை இருக்கும் பக்கம் போகவே மாட்டாள். சுவர் இருந்தால் அதில் கொண்டுபோய் இருபது தடவை முட்டுவாள். “அங்க வழி இல்ல அத்தை!” என்று நான் கத்தினால், “இல்லன்னுதாண்டி பாக்கறேன்” என்பாள். எட்டு மாதம் அந்த வாத்தோடு இருந்தவள் ஒரு கடிதத்தைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

அவள் கண்டுபிடித்ததில் முதன்முதலாக மேலதிகாரிகள் ஒத்துக்கொண்ட தப்பைப் பற்றி என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஒரு சனிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள். கேம் முடிந்ததும் அதைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடும். ஆறு நிமிடம் ஓடும். அதை நிறுத்தவோ தாண்டவோ முடியாது. கடைசிப் பகுதியைச் சோதிக்கிற பொறுப்பு அத்தைக்கு. அலுவலகக் கம்ப்யூட்டரில் நேராகக் கடைசிக்குத் தாவிவிட ஒரு குறுக்குவழி இருந்ததால் ஒரு நாளில் முப்பது தடவை அந்த முடிவைப் பார்ப்பாள். முப்பது தடவையும் ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, விளையாடுகிறவர்கள் வேண்டாம் என்றால் பெயர்களைத் தாண்டிப் போகும்படி ஒரு வழி வேண்டும் என்று எழுதிப் போட்டாள்.

இதை வைத்து அலுவலகத்தில் பெரிய வாக்குவாதமே நடந்ததாம். இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்தவர்களின் பெயரை ஒரு பட்டனில் தள்ளிவிடலாமா என்று ஒரு கட்சி. காசு கொடுத்து வாங்கியவனைக் கட்டிப்போட்டுப் பெயர் படிக்கவைப்பதா என்று இன்னொரு கட்சி. அத்தை இரண்டாவது கட்சி.

“புடிச்சா பாக்கட்டும். புடிக்கலன்னா போகட்டும். வலுக்கட்டாயமா ஒருத்தர உக்காரவெச்சு என் பேரப் பாருன்னா அதுல இன்னாடி மரியாதை இருக்கு?” என்றாள். அவள் சொன்னதையே ஒத்துக்கொண்டார்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பெயர்கள் மறைந்துவிடும் என்று மாற்றினார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் தட்டித் தட்டிப் பார்த்ததும் அவளேதான்.

ஆலயத்துப் பட்டியலில் கால் மாற்றி நின்று அலுத்த எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆயருக்கும் ஒரு ஸ்பேஸ் பார் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அத்தையின் முதல் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த கேமுக்கு இருக்கிறாயா, திங்கட்கிழமை சொல் என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். அதே சமயம் எங்கள் ஆலயத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. அப்பா பள்ளிக் கமிட்டியில் இருந்ததால், தங்கைக்கு வேண்டுமா என்று அவரைத்தான் முதலில் கேட்டார்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், மரியாதையான வேலை, யார் கேட்டாலும் ஒரே வார்த்தையில் சொல்லலாம். ஞாயிறு மாலை கமிட்டி கூடும்போது பதில் சொல்லவேண்டும்.

அத்தைக்குக் கம்பெனியை விட மனமில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்த கேம்ல என் பேரு வருதுண்ணா” என்றாள்.

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார். “எங்க வருது?”

“கடைசில. பெங்களூர்ல வேல செஞ்ச பதினோரு பேர் பேரும் வருது. முழுப்பேரு, அப்பா பேரோட.”

“அச்செழுத்துலயா?”

“அச்செழுத்துலதான்.”

அப்பா சோற்றை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, “எதுக்குக் கடைசில போடறாங்க? நம்ம சினிமால மொதல்லயே போட்டுடறாங்க. எல்லாம் அப்பதான் குந்தினு இருப்பாங்க. கடைசில எவன் இருப்பான்?” என்றார். அவருக்கு அது உண்மையான கவலை. பிறகு அவரே சொன்னார்: “சரி. ஞாயித்துக்கிழமை போட்டுக் காட்டு. நம்ம பேரு அதுல வர்றத என் கண்ணால பாத்துட்டேன்னா, ஸ்கூல் வேல வேணாம்னு நானே கமிட்டில சொல்லிடறேன்.”

அத்தை அன்று இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கும்போது பாடிக்கொண்டே தேய்த்தாள்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், வாத்தைப் பன்னிரண்டாம் தீவுவரை கொண்டுபோகத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். கம்பெனியில் அத்தைக்குக் கொடுத்த சி.டி.யில் அலுவலகக் குறுக்குவழி கிடையாது. ஒழுங்காக விளையாடி ஜெயித்தால்தான் முடிவு வரும். அத்தைக்கு முட்டத்தான் தெரியும், ஜெயிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கி இணைக்கவைத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தினமும் அரைமணி நேரம் மட்டும் தொடலாம் என்பது சட்டம். அந்த வாரம் அத்தைக்காகச் சட்டம் தளர்த்தப்பட்டது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். அத்தை பக்கத்தில் இருந்து கொய்யாப்பழத்தை நறுக்கி நறுக்கி வாயில் ஊட்டினாள். சனிக்கிழமை மாலை பன்னிரண்டாம் தீவின் வாசலில் வாத்தை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அப்பா வெள்ளைச் சட்டையை மாற்றாமலே நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிறு மதியம் அவர் பனியனோடு படுத்துத் தூங்குவதுதான் வழக்கம். அன்று சட்டைப்பையில் பேனாவும் இருந்தது, கண்ணாடியும் துடைத்து மாட்டப்பட்டிருந்தது. அம்மா அவருக்குப் பின்னால் நின்றாள். அத்தை எனக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. பெருமைக்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு விளையாடியதுபோல் நான் வேறு எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. நரியைத் தாண்டினேன். பாலம் என் காலுக்குப் பின்னால் உடைந்து விழுந்தது. அப்பாவே ஒரு கட்டத்தில், “ஏய் பாத்து, பாத்து!” என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசிக் கடிதத்தைக் கலங்கரை விளக்கத்தில் இருந்த கிழட்டு ஆமையிடம் கொடுத்ததும் வானத்தில் வாணம் வெடித்தது. அம்மா கைதட்டினாள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்து, “இனிமே வருமா பாப்பா?” என்றார்.

“இப்ப வரும்ண்ணா.”

திரை கறுத்தது. பெயர்கள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின.

இதுவரை நான் சொன்னதில் எனக்குக் கூச்சம் ஒன்றுமில்லை. இனிமேல் சொல்வதில் உண்டு.

பெயர்கள் முடிந்த பிறகு என்ன வரும் என்று அத்தை எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஒரு தங்கப் பலகை வரும். அதில் பன்னிரண்டு தீவையும் ஜெயித்தவர் தன் பெயரை எழுதலாம். ஒரே ஒரு பெயர்தான், திரை முழுக்கப் பெரிய எழுத்தில். மூன்று நாளாக அந்தப் பலகைதான் என் கண்ணுக்குள் நின்றது. நான் விளையாடியது அத்தைக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் விளையாடியது அந்தப் பலகைக்காக.

பெயர்கள் மெல்ல ஏறின. எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள், வாயில் நுழையாதவை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அம்மா, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அப்பா மட்டும் ஆலயத்தில் உட்கார்வதுபோல் முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் உதட்டுக்குள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் சுவர்க் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்தார். எனக்குத் திகீரென்றது. அத்தை பெயர் வந்ததும் அப்பா எழுந்து கமிட்டிக்குப் போய்விடுவார், என் பலகையைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று பட்டது. நாற்பது நிமிடம் வாத்தை ஓட்டியது நான். நரியைத் தாண்டியது நான். வாத்தைச் சுவரில் முட்டவிட்டவளுக்குக் கைதட்டலா?

ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.

ஒரு தட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் நகரும் என்று நினைத்துத் தட்டியதாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அத்தையே சொல்லிக்கொடுத்தது.

பெயர்கள் பட்டென்று மறைந்தன. தங்கப் பலகை வந்தது. உங்கள் பெயரை எழுதுங்கள் என்று கேட்டது.

“இன்னா ஆச்சு?” என்றார் அப்பா. “பாப்பா பேரு எங்க?”

அத்தை திரையைப் பார்க்கவில்லை. விசைப்பலகையையும் அதன்மேல் இருந்த என் கட்டைவிரலையும் பார்த்தாள். நான் விரலை எடுத்தேன்.

“என்னடி ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரியல அத்தை. அதுவே போயிடுச்சு.”

“அதுவாவா?”

“ஆமா. நான் ஒண்ணும் பண்ணல.”

அது தானாகப் போகாது என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். போன மாதம்தான் பரீட்சை மார்க் விஷயத்தில் பொய் சொல்லி அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியிருந்தேன். அத்தைதான் நடுவில் புகுந்து தடுத்தாள். தடுத்ததில் அவள் கையிலும் ஒன்று விழுந்தது. இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, “என் பேர விட்டுட்டாங்க போலண்ணா” என்றாள்.

அப்பாவுக்கு அதில் வெற்றி ஒன்றும் இல்லை. அதைச் சொல்லியாகவேண்டும். நான்தான் ஜெயித்தேன் பார்த்தாயா என்ற முகம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். எழுந்து வந்து அத்தையின் தலையில் கை வைத்தார்.

“விடு பாப்பா. எங்க ஃபேக்டரில மட்டும் இன்னா? இருவத்திரண்டு வருசமா செய்யறேன். எந்த மெஷின்ல என் பேரு போட்டுக்கீது?” என்றார். பிறகு, “ஆனா ஒண்ணு. போடறோம்னு சொல்லிட்டுப் போடாத எடத்துல உனக்கு எதுக்கு? நம்ம ஸ்கூலுக்கே போ. அங்க நாலு பேருக்கு உன்னத் தெரியும்” என்றார்.

அத்தை தலையாட்டினாள்.

சி.டி. அங்கேயேதான் இருந்தது. பன்னிரண்டாம் தீவின் வாசலில் நான் நிறுத்திவைத்த இடமும் இருந்தது. இன்னொரு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் பெயர் வந்திருக்கும். நான்தான் தட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா அடித்திருப்பார். அடித்து முடித்துவிட்டு, நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு, முதல் பெயரிலிருந்து உட்கார்ந்து பார்த்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

நான் பலகையில் என் பெயரை எழுதினேன்.

அத்தை பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்தாள். பதினெட்டு வருடம் அங்கே டி.சி. எழுதினாள். பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, நன்னடத்தை. தப்பே இருக்காது என்று பெயர் வாங்கினாள். கேம் கம்பெனியில் இருந்த அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி கனடாவுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டாள் என்று ஒருமுறை சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தெரியாதாடி? அந்த ஸ்பேஸ் பார ஆயிரம் வாட்டி தட்டினவடி நான். அது அதுவா போவாது” என்று சிரித்தாள்.

“அந்த பட்டனே வேணாம்னு நீ சொல்லியிருக்கணும் அத்தை. எல்லாரையும் ஆறு நிமிஷம் உக்காரவெச்சிருக்கணும்.”

“ஏன்? பட்டன் இருக்கத்தான் வேணும்” என்றாள், ஏதோ அலுவலகத்து வாக்குவாதம் இன்னும் முடியாததுபோல. “பட்டன் மேல தப்பு இல்ல. அண்ணா பட்டனத் தேடலியே. உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தாரு.” பிறகு மடித்த புடவையை என் கையில் கொடுத்து, “அண்ணாகிட்ட மட்டும் சொல்லாத. தாங்க மாட்டாரு” என்றாள். நான் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது. அப்பா போய் ஐந்து வருடமாகிறது.

என் பிள்ளைகள் விளையாடும் கேம்களில் பெயர் ஓடும்போது பட்டனுக்குப் போகும் அவர்கள் கையைத் தட்டிவிட்டு உட்காரவைக்கிறேன். “அம்மாவுக்கு இது ஒரு கிறுக்கு” என்கிறார்கள். பட்டன் இருக்கவேண்டுமா கூடாதா என்பதில் என்னால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அத்தை சொன்னது நியாயம் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் அந்த உரிமையைக் கொடுத்திருக்கவேண்டாம் என்று தோன்றுகிறது.

அன்றைய மாலையில் இன்னும் ஒன்று நடந்தது. அதை அத்தையிடம்கூட நான் பேசியதில்லை.

கமிட்டிக்கு நேரமாகிவிட்டது, மழை விடவில்லை. அப்பா வாசலில் நின்று, “பாப்பா, கொட எங்க?” என்றார். அத்தை தேடப் போனாள். அலமாரிக்குள் பார்த்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். சமையலறைக்குப் போனாள், அங்கிருந்து பின்கட்டுக்குப் போனாள், மறுபடி கூடத்துக்கு வந்தாள். ஒவ்வொரு முறை என்னைக் கடந்து போகும்போதும் நடை கொஞ்சம் தயங்கும். ஒருமுறை என் பக்கத்தில் வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேனா என்பதுபோல் நின்றாள். நான் திரையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி தேடப் போனாள். “இன்னாம்மா, இருக்குதா இல்லியா?” என்று அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார். “இருங்கண்ணா, இங்கதான் எங்கயோ இருக்கு, ஒரு நிமிசம்” என்றாள்.

அந்த வீட்டில் ஊசி எங்கே இருக்கிறது என்றாலும் அத்தையைத்தான் கேட்பார்கள். இருட்டில் எடுத்துத் தருவாள்.

எனக்கு அவள்மேல் அன்று அளவில்லாத அன்பு. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே! பதிலுக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும்போல் இருந்தது. எழுந்து ஓடினேன். குடை எப்போதும் தொங்கும் இடத்திலேயே, வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு வந்து அத்தையிடம் நீட்டினேன்.

“இங்கதானே இருக்கு அத்தை. நீ பாக்கவே இல்ல” என்றேன்.

அத்தை குடையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கி, அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா மழையில் இறங்கிப் போனார். தேடிக் கிடைக்காததை நான் ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.